குற்றம் மொழியிலா, படிப்பவரிலா?

பொத்துவிலிலிருந்து கல்முனை வரையுள்ள கடற்கரைப் பாடசாலைகளில் ஐசிடி படிக்கும் பிள்ளை, பல்கலைக்கழக வாசலை மிதிக்குமுன்பே மூன்று நான்கு கணினி மொழிகளைத் தொட்டுவிடுகிறது. கீழ் வகுப்பில் வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தும் ஸ்க்ராச், சாதாரண தரத்துக்குப் பாஸ்கல், உயர்தரத்துக்குப் பைதன், அதே பாடத்தின் இணையத்தளப் பகுதியில் பீஎச்பி. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வேறொரு வளாகத்துக்கோ போனால் ஜாவாவும் சியும் காத்திருக்கும். ஒவ்வொரு படியிலும் அந்தப் பிள்ளையின் காதில் ஒரு பேச்சு விழாமல் இருப்பதில்லை. "பாஸ்கலா? அதெல்லாம் இப்ப ஆரு தம்பி பாவிக்கிற?" என்பார் ஒருவர். "பீஎச்பியில எழுதுறதும் ஒரு கோடிங்கா?" என்பார் இன்னொருவர். "பைதன் சின்னப் புள்ளையள்ட மொழி, சி படி" என்று மூன்றாமவர் சொல்லி முடிப்பார். சொல்பவர் ரியூசன் சேராக இருக்கலாம், வளாகத்தில் படிக்கும் காக்காவாக இருக்கலாம், கொழும்பு நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் மச்சானாக இருக்கலாம். பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். சொல்வதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் கேட்ட பிள்ளைக்கு அந்த உண்மை போய்ச் சேர்வதில்லை. "நான் படிப்பது ஒன்றுக்கும் உதவாது" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. எல்லா மொழியும் நல்ல மொழிதான், யாரும் எதையும் குறை சொல்ல வேண்டாம் என்பது ஒன்று. கணினித் துறை கடினமான துறை, இந்தப் பேச்சையே தாங்க முடியாதவர் வேறு வேலை பார்க்கட்டும் என்பது மற்றது. இரண்டுமே பிழை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். கணினி மொழிகளைக் கண்டிப்பாக விமர்சிக்க வேண்டும். புதிதாக வருபவரின் முன்னிலையிலேயே விமர்சிக்க வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த விமர்சனம் கடைசியில் யார் தலையில் போய் விழுகிறது? நல்ல விமர்சனம், "இந்த இடத்தில் நீ தடுக்கி விழுந்ததற்குக் காரணம் நீயல்ல, மொழியை அமைத்த விதம்" என்று சொல்லிப் பழியை மாணவரிடமிருந்து இறக்கி வைக்கும். கெட்ட விமர்சனம் மொழியின் குறையைத் தூக்கி, அதைப் படித்தவர்மீது ஏற்றிவிடும். கடுமை, மென்மை என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் சங்கதி.

மொழியின் குறையை மொழியின்மீதே வைப்பது எப்படி என்பதற்கு நல்ல முன்மாதிரி, 1934இல் கொழும்பில் பிறந்த ஒருவரிடமிருந்து கிடைக்கிறது. கணினித் துறையின் உயர்ந்த விருதான டியூரிங் விருதை 1980இல் பெற்ற டோனி ஹோர்தான் அவர். பட்டியல்களை வேகமாக வரிசைப்படுத்தும் குவிக்சோர்ட் முறையைக் கண்டவரும் அவரே. 1965இல் அல்கோல் டபிள்யூ என்ற மொழியை அமைக்கும்போது, எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டு என்ற ஒன்றை அவர் சேர்த்தார். செய்வதற்கு எளிதாக இருந்ததால் சேர்த்ததாகப் பின்னாளில் சொன்னார். அதன் பிறகு வந்த எத்தனையோ மொழிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஒரு செய்நிரல் வெற்றிடத்தைப் பொருள் என்று நம்பிக் கைவைத்த நொடியில் முறிந்து விழும் வகைப் பிழைகளுக்கு அதுவே வேராயிற்று. 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில், அது தன்னுடைய நூறு கோடி டொலர் தவறு என்று ஹோர் பகிரங்கமாகச் சொன்னார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்தெழுந்த நிரலாளர்களை அவர் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லவில்லை; பள்ளத்தை வெட்டியது யார் என்று சொன்னார். முதன்முதலாக ஜாவா எழுதி, வெற்றுச் சுட்டினால் வரும் பிழைச் செய்தியைக் கண்டு திகைத்து நிற்கும் மாணவிக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால், அவள் தன் அறிவைச் சந்தேகிப்பதற்கு முன் கருவியைச் சந்தேகிப்பாள்.

ஒரே மனிதர் இரண்டு வகை விமர்சனத்தையும் செய்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அப்படிச் செய்தவர். செய்நிரலின் ஓட்டத்தை நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் 'கோ டு' கட்டளை தீங்கானது என்று அவர் எழுதி, 1968 மார்ச்சில் வெளிவந்த கடிதம் கணினி உலகத்தையே திருப்பிப் போட்டது. அதன் முதல் வரியில் நிரலாளர்களுக்கு ஒரு குத்தல் இருந்தது உண்மைதான். ஆனால் கடிதம் நிலைத்தது அந்தக் குத்தலால் அல்ல. தாளில் எழுதிய நிரலுக்கும் ஓடும்போது நடப்பதற்கும் உள்ள இடைவெளி குறைவாக இருந்தால்தான் மனித மனத்தால் அதைத் தொடர முடியும், கண்டபடி தாவுவது அந்த இடைவெளியைப் பெருக்கிவிடும் என்ற காரணத்தால் நிலைத்தது. காரணம் வெளிப்படையாகக் கிடந்ததால் மறுப்பும் சாத்தியமாயிற்று. 1974இல் டொனால்ட் கனூத் நீண்டதொரு கட்டுரை எழுதி, எந்தெந்த இடத்தில் அந்தத் தாவல் இன்னமும் பயன்படும் என்று எடுத்துக் காட்டினார். துறை அதனால் வளர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் பாஸ்கலிலும் பைதனிலும் நிபந்தனைகளையும் மடக்குகளையும் ஒழுங்காக அடுக்கி எழுதப் பழகுவதில் அந்த விவாதத்துக்கும் பங்குண்டு.

அதே டைக்ஸ்ட்ரா 1975இல் எழுதிய ஒரு குறிப்பில், முன்பே பேசிக் மொழி படித்துவிட்டு வரும் மாணவருக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், அவர்களுடைய மனம் திருத்த முடியாதபடி சிதைந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். கோபோல் என்ற மொழியைக் கற்பிப்பதைக் குற்றச்செயலாகக் கருத வேண்டும் என்றும் அதே குறிப்பில் உண்டு. யாரைப் பற்றி இதைச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பதற்காக 1964இல் உருவாக்கியது பேசிக். அதுவரை கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காகத் திறந்த வாசல் அது. டைக்ஸ்ட்ராவின் வசனம் அந்த வாசலால் வந்தவர்களின் மூளையையே குறை சொன்னது. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? 'கோ டு' கடிதத்துக்குக் கனூத் பதில் எழுதியதுபோல இதற்கு எழுத முடியாது. பதில் சொல்ல வேண்டியவர் முன்கூட்டியே தகுதியற்றவராக்கப்பட்டுவிட்டார். பிறகு நடந்ததோ நேர்மாறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வீட்டுக் கணினியில் பேசிக்கோடு தொடங்கிய ஒரு தலைமுறைதான் இன்றைய மென்பொருள் உலகின் பெரும்பகுதியைக் கட்டியது. மைக்ரோசொப்ட் நிறுவனமே 1975இல் ஒரு பேசிக் மொழிபெயர்ப்பியை விற்றுத்தான் பிறந்தது.

நம் சாதாரண தர மாணவர் படிக்கும் பாஸ்கலுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் நிக்லாவுஸ் விர்த் கற்பித்தலை மனத்தில் வைத்து 1970 வாக்கில் அமைத்த மொழி அது. அதைக் கடுமையாக விமர்சித்தவர்களில் முக்கியமானவர் பிரையன் கெர்னிகன். 1981இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பாஸ்கல் ஏன் எனக்குப் பிடித்தமான மொழியல்ல என்பதாக அமைந்தது. உள்ளே அவர் காட்டிய முதற்குறை மிக நுணுக்கமானது. அன்றைய பாஸ்கலில் ஓர் அணியின் நீளமும் அதன் வகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. [1..10] என்று அறிவித்த அணியும் [1..11] என்று அறிவித்த அணியும் அந்த மொழிக்கு இரண்டு வெவ்வேறு வகைகள். பத்து மாணவரின் புள்ளிகளை வரிசைப்படுத்த எழுதிய நடைமுறையிடம் பதினொரு பேரின் புள்ளிகளைக் கொடுத்தால் கம்பைலர் ஏற்காது. எந்த வகுப்புக்கும் பொருந்தும் ஒரே வரிசைப்படுத்தியை எழுதுவதற்கு மொழியில் ஒழுங்கான வழியே இல்லை. மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது. கெர்னிகன் காட்டியதும் அந்தச் சுவரைத்தான்.

அந்தக் கட்டுரை இன்றும் மதிக்கப்படுவதற்கான காரணங்களைச் சற்று நின்று பார்க்கலாம். கெர்னிகன் சி மொழிக்குப் பாடநூல் எழுதியவர். ஆகவே சார்பு உண்டு என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அவர் வெளியில் நின்று கல்லெறியவில்லை. பிளவுகர் என்ற சக எழுத்தாளருடன் சேர்ந்து பாஸ்கலில் ஒரு முழுப் புத்தகத்துக்கான நிரல்களை எழுதி முடித்த கையோடுதான் குறை சொன்னார். எந்தப் பாஸ்கலைச் சொல்கிறார் என்பதையும் வரையறுத்தார்: அன்றைய நியமப் பாஸ்கல். எந்த வேலைக்கு ஆகாது என்பதையும் சொன்னார்: வகுப்பறைக்கு வெளியே செய்யும் உண்மையான நிரலாக்கத்துக்கு. தொடக்க மாணவருக்குக் கற்பிக்க அது சிறந்த மொழியாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அதில் தனக்கு நேரடி அனுபவம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். இப்படி எல்லை போட்டுச் சொன்னதால்தான் அந்த விமர்சனத்துக்கு வயதாவதையும் நம்மால் அளக்க முடிகிறது. பின்னர் வந்த நியமம் அணிக்குறைக்கு ஒரு வழி சொன்னது. இன்று இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீ பாஸ்கலில் நீளம் மாறும் அணிகள் உண்டு. ஆகவே 1981இன் தீர்ப்பை இன்றைய பதினோராம் தர மாணவரிடம் ஒப்புவிப்பவர், கெர்னிகனைப் பின்பற்றவில்லை. அவருடைய முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தைத் தவறவிட்டிருக்கிறார்.

உலகத்தில் அதிகம் கேலிக்குள்ளான மொழி எது என்று கேட்டால் பலரும் பீஎச்பியைத்தான் சொல்வார்கள். ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக 1994இல் தொடங்கிய சில சிறு கருவிகள் வளர்ந்து ஒரு மொழியாயின. திட்டம் போட்டுக் கட்டிய வீடல்ல என்பது உள்ளே நுழைந்ததும் தெரியும். பட்டியலுக்குள் ஒன்றைத் தேடும் சார்பில், தேடும் பொருளை முதலில் எழுத வேண்டும். சொல்லுக்குள் எழுத்தைத் தேடும் சார்பில் அதைப் பின்னால் எழுத வேண்டும். இதைவிட ஆபத்தானது ஒப்பீடு. பழைய பீஎச்பியில் 0 == "கல்முனை" என்று கேட்டால் 'உண்மை' என்று பதில் வரும். எண்ணோடு சொல்லை ஒப்பிடும்போது அந்த மொழி சொல்லை எண்ணாக மாற்றிப் பார்க்கும். "கல்முனை" என்பதில் எண் எதுவும் இல்லாததால் அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். பூச்சியமும் பூச்சியமும் சமம். கடவுச்சொல்லையோ அனுமதி இலக்கத்தையோ சரிபார்க்கும் இடத்தில் இப்படி நடந்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் இதைப் பலர் ஆதாரத்தோடு எடுத்துக் காட்டினார்கள். 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பில் அந்த ஒப்பீடு 'பொய்' என்று திருத்தப்பட்டது. 'பீஎச்பி குப்பை' என்ற வசனத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்தியிருக்க முடியாது; 0 == "கல்முனை" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு திருத்த முடிந்தது.

இந்த வரியை ஆசிரியர் வகுப்பில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? குறை சொல்லக் கூடாது என்ற முதற்கட்சியின் தவறு இங்கேதான் தெரிகிறது. மாணவரின் நிரல் எதிர்பாராத பதிலைத் தரும். அவர் மூன்று முறை பார்ப்பார், பிழை தெரியாது. தன் மூளையில்தான் கோளாறு என்ற முடிவுக்கு வருவார். மௌனம் அவருக்கு மரியாதையாக அமைவதில்லை; மொழியின் பழியை அவர் தலையிலேயே விட்டுவிடுகிறது. இதை வெறும் ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் அன்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சுசானா சீபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நிரலாக்கமே தெரியாதவர்களுக்கு வெவ்வேறு மொழிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று, குறிச்சொற்களையும் குறியீடுகளையும் குலுக்கல் முறையில் பொறுக்கிச் செய்த போலி மொழி. பேர்ளையும் ஜாவாவையும் பாவித்த புதியவர்கள், அந்தக் குலுக்கல் மொழியைப் பாவித்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகச் சரியாக எழுதிவிடவில்லை. பைதன், ரூபி, குவோரம் ஆகிய மொழிகளைப் பாவித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். சுருள் அடைப்புக்குறிகளுக்கும் அரைப்புள்ளிகளுக்கும் இடையில் தடுமாறும் மாணவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. அனுபவசாலிக்கு 'இயல்பாக' தெரிவது பழக்கத்தால் வந்த இயல்பு.

இனி நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்பதைக் கையால் எழுதிய தாள்களில் சேர்த்துப் பார்க்க முடியாத நிலை. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடி எழுதியதுதான் 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை வளர்த்தெடுத்தது. அது எழுதப்பட்ட மொழி, எல்லாரும் சிரிக்கும் அதே பீஎச்பி. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு என்று அது கடல் கடந்து போனது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. அந்த அவசரத்தில், பலருக்கும் தெரிந்த, எந்தச் சாதாரண சேர்வரிலும் ஓடக்கூடிய, உடனே எழுதத் தொடங்கக்கூடிய மொழியே தகுந்த மொழி. பிற்பாடு அதே சஹானா குழுவினர் 'ஈடன்' என்ற புதிய வடிவத்தைப் பைதனில் எழுதினார்கள். முதலில் எழுதியவர்கள் தகுதியற்றவர்கள் என்பதால் அது நடக்கவில்லை. தேவை மாறியதால் கருவி மாறியது. பொத்துவில் களப்பில் போகும் தோணியை ஆழ்கடலுக்கு ஆகாது என்று சொல்வது உண்மைதான். களப்பில் வலை வீசுபவரிடம் அதைச் சொல்லி எள்ளி நகையாடுவதில் என்ன அர்த்தம்?

இந்தக் கேலி எல்லாரையும் ஒரே மாதிரி காயப்படுத்துவதில்லை. நிறுவனத்தில் பத்து வருடம் இருப்பவருக்கு அது தேநீர் வேளைப் பகிடி. எது பகிடி, எது தீர்ப்பு என்று அவருக்குப் பிரித்தறியத் தெரியும். தமிழ்மொழி மூலம் படித்து, ஆங்கிலத்தில் மட்டும் வரும் பிழைச் செய்தியை எழுத்துக் கூட்டி வாசித்து, பாடசாலைக் கணினிக்கூடத்தில் தன் முறைக்காகக் காத்திருந்து படிக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதோடு, பாஸ்கலையோ பீஎச்பியையோ அந்தப் பிள்ளை தெரிவுசெய்யவில்லை. பாடத்திட்டம் தெரிவுசெய்தது. எந்தத் தெரிவும் இல்லாதவரிடம் "ஏன் இதைப் படிக்கிறாய்" என்று சிரித்தால், அந்தச் சிரிப்பு மொழியைத் தாண்டி அவருடைய பாடசாலையையும் ஊரையும் தொடுகிறது. விளைவு வேறு விதமாகவும் வரும். ஒவ்வொருவர் பேச்சைக் கேட்டும் மூன்று மாதத்துக்கொரு முறை மொழி மாற்றி, எதிலும் நூறு வரி நிரல் எழுதி முடிக்காமல் நிற்கும் மாணவர்கள் உருவாகிறார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல் மொழிக்கும் இதே கதிதான். 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழிலேயே கட்டளை எழுதக்கூடிய அந்த மொழியை, 'வேலைக்கு ஆகுமா?' என்ற ஒரே கேள்வியால் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அது வேலைவாய்ப்புக்காக வந்த மொழியே அல்ல. ஆங்கிலம் தடையாக நிற்கும் சிறுவருக்கு நிரலாக்கத்தின் தர்க்கத்தைக் காட்டவே வந்தது. அதை அந்த அளவுகோலால் அளந்து, போதாது என்றால் போதாது என்று சொல்லலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றி உண்மை சொல்ல வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் சொல்ல வேண்டும். பாஸ்கல் தெரியும் என்று மட்டும் எழுதிய விண்ணப்பத்தைக் கொழும்பில் எந்த நிறுவனமும் தேடப்போவதில்லை. இதை மறைப்பது வஞ்சகம். ஆனால் அந்த உண்மையின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாறி என்றால் என்ன, மடக்கு எப்போது நிற்கும், அணியின் கடைசி உறுப்புக்கு அப்பால் கைவைத்தால் என்ன ஆகும் என்பவை பாஸ்கலில் பிடிபட்டால் பைதனுக்கும் ஜாவாவுக்கும் கூடவே வரும். "இதை விட்டுவிடு" என்பதற்கும் "இதில் இன்னின்னதைப் பிடித்துக்கொள், பிறகு இன்னதுக்குப் போ" என்பதற்கும் தூரம் அதிகம். பின்னது கூடுதலாக ஒரு நிமிடம் எடுக்கும், அவ்வளவே.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. மென்மையாகப் பேசத் தொடங்கினால் தரம் விழுந்துவிடும் என்பார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சுடுசொற்களை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அதே டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் பேச்சு முறைக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கி நின்றார். அதன் பிறகும் லினக்ஸின் மையக்கருவான கேர்னல் முன்போலவே சில வாரங்களுக்கொரு பதிப்பாக வந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில், சி மட்டுமே கோலோச்சிய அந்தக் கேர்னலுக்குள் ரஸ்ட் மொழிக்கும் இடம் கிடைத்தது. ரஸ்ட் பிறந்ததே சி, சி++ மொழிகள்மீதான கடுமையான விமர்சனத்தால்தான்: நினைவகத்தைக் கையாளும் பொறுப்பை முழுக்க மனிதரிடம் விட்டால், எவ்வளவு தேர்ந்தவரும் தவறுவார் என்பது. மைக்ரோசொப்ட் தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று 2019இல் சொன்னது. சி மொழிமீது இதைவிடக் கனமான குற்றச்சாட்டு கிடையாது. ஆனால் அது சி எழுதும் பொறியியலாளர்களை மடையர்கள் என்று சொல்வதில்லை. உலகின் தேர்ந்த பொறியியலாளர்களுக்கே இதுதான் நடக்கிறது என்று சொல்கிறது. ரஸ்ட் ஆர்வலர்களிலும் வாய்த்துடுக்கானவர்கள் உண்டு. அவர்களுடைய பேச்சால் கேர்னலுக்குள் ரஸ்ட் நுழையவில்லை. அந்தக் கணக்கும் ஓடும் நிரலுமே அதை உள்ளே கொண்டுபோயின.

புதியவருக்கு என்ன தெரியும், முதலில் படிக்கட்டும், குறைகளைப் பிறகு பேசலாம் என்பது மூன்றாவது மறுப்பு. இது புதியவரை மட்டமாக எடைபோடுகிறது. ஒரு மொழியின் குறையைக் காண்பதில் சில வேளைகளில் அவரே நல்ல சாட்சி. பழகியவரின் கால் பள்ளத்தைத் தானாகச் சுற்றிப் போய்விடும். பைதனிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பழைய பைதனில் 1/2 என்று கேட்டால் பதில் 0. இரண்டும் முழு எண் என்பதால் மிச்சத்தை அது விழுங்கிவிடும். அமெரிக்காவில் நிரலாக்கம் தெரியாத மாணவருக்காக 'அலிஸ்' என்ற முப்பரிமாணக் கருவியைப் பைதனில் செய்தவர்கள், பயனாளரை உட்கார வைத்துச் சோதித்தபோது, அவர்களை அதிகம் தடுக்கியவை இரண்டு என்று கண்டார்கள்: இந்த வகுத்தல், அடுத்தது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு. பைதனை உருவாக்கிய கைடோ வான் ரோசம் இரண்டாவதை ஏற்கவில்லை. முதலாவதை ஏற்றார்; வகுத்தலை மாற்றும் முன்மொழிவு 2001இல் வந்தது, 2008 டிசம்பரில் வெளிவந்த பைதன் 3இல் அதுவே வழக்கமாயிற்று. இன்று பொத்துவிலில் உயர்தரம் படிக்கும் மாணவி 1/2 என்று எழுதி 0.5 என்ற பதிலைக் காண்கிறாள் என்றால், எங்கோ சில தொடக்க மாணவர்கள் தடுமாறியதை யாரோ கவனித்துக் குறித்துவைத்ததும் அதற்கு ஒரு காரணம். "உனக்கு விளங்கவில்லை" என்று அன்று அவர்களை அனுப்பியிருந்தால் அந்தச் சாட்சியம் கிடைத்திருக்காது.

ஆகவே ரியூசன் சேருக்கும் வளாகத்துக் காக்காவுக்கும் கொழும்பு மச்சானுக்கும் கேட்டுக்கொள்வது, வாயைப் பொத்துங்கள் என்றல்ல. இன்னும் விரிவாகப் பேசுங்கள் என்று. எந்தப் பதிப்பு, எந்த வேலை, எந்த வரி என்று சொல்லுங்கள். நீங்களே எழுதிப் பார்த்ததா, கேட்டு வைத்ததா என்பதையும் சொல்லுங்கள். நியூயோர்க்கில் ரிகர்ஸ் சென்ரர் என்ற நிரலாக்கப் பயிற்சி இடத்தில் ஒரு விதி உண்டு: ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால், "அட, இதுகூடத் தெரியாதா?" என்று வியப்புக் காட்டக் கூடாது. அந்த வியப்பு யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை, வியந்தவரின் உயரத்தை மட்டுமே காட்டுகிறது என்பதே விதியின் நியாயம். நம் வகுப்புகளுக்கும் அது பொருந்தும். விமர்சனத்தை எடைபோடச் சிக்கலான அளவுகோல் தேவையில்லை. கேட்டு முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிகிறதா? பீஎச்பியில் == என்பதற்குப் பதில் === போட்டுப் பார்க்கலாம், அணியை நீளம் மாறக்கூடியதாக அறிவிக்கலாம், பைதனில் இதே நிரலை எழுதி ஒப்பிடலாம் என்று ஒன்றாவது கையில் கிடைத்தால், சொன்னது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது விமர்சனம். மடிக்கணினியை மூடி வைப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை என்றால், சொன்னவர் மொழியைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லத் தொடங்கவில்லை.